பேசுகிற படம் வீட்டுக்கு, பேசாத படம் தியேட்டருக்கு

பெரிய படம் என்றால் தியேட்டர், சின்னப் படம் என்றால் "ஓடிடியில வந்ததும் பாத்துக்கலாம்". எங்கள் வீட்டில், ஆபீஸில், தெருவில் எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். ஹீரோ எவ்வளவு பெரிய ஆள் என்பதை வைத்துத்தான் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்கிறோம். கடந்த சில வருஷங்களில் தமிழில் வந்த படங்களையும் தொடர்களையும் கொஞ்சம் அளவுக்கு மீறியே பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். படத்தின் செலவை விட்டுவிட்டு, அது நம் காதையும் கண்ணையும் எவ்வளவு நேரம் முழுசாகக் கேட்கிறது என்று பார்த்தால், எதை எங்கே பார்ப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எனக்கு இதைப் புரியவைத்தது கொட்டுக்காளி. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, பி.எஸ். வினோத்ராஜ் இயக்கம், சூரியும் அன்னா பென்னும் நடித்தது. பின்னணி இசை கிடையாது. அன்னா பென் நடிக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாக அவளைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறது. கதை அவ்வளவுதான். மீனா கிட்டத்தட்ட படம் முழுக்க வாயே திறப்பதில்லை. சூரிக்குத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது, அந்தக் கரகரத்த குரலில்தான் எல்லாரையும் அதட்டுகிறார். இதை நான் திருச்சியில் ஒரு மதியக் காட்சியில் பார்த்தேன், அரங்கில் பாதிக்குமேல் காலி. ஆட்டோ இன்ஜின் சத்தம், சேவலின் படபடப்பு, பின்னால் வரும் பைக்குகள், இதெல்லாம் சுற்றிச் சுற்றிக் கேட்கும்போது அந்த ஆட்டோவுக்குள் நானும் நசுங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வழியை மறித்து நிற்கும் காளையை இத்தனை ஆம்பளைகளாலும் நகர்த்த முடியாமல், ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகும் காட்சியில் மொத்த அரங்கும் சிரித்தது. அந்தச் சிரிப்பு தனியாக ஒரு தகவல்.

அப்புறம் அது ஓடிடியில் வந்ததும் என் மாமியாருக்குக் காட்டலாம் என்று போட்டேன். அத்தை பத்து நிமிஷம் பார்த்தார். "இதுல யாரும் பேசவே மாட்டாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, கீரை ஆய எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மேலே ஃபேன் ஓடுகிறது, குக்கர் விசில், கீழே காய்கறி வண்டிக்காரர் மைக்கில் கத்துகிறார். அந்தப் படத்தின் சத்தம் என்று தனியாக எதுவுமே மிஞ்சவில்லை. "இதெல்லாம் விழாக்களுக்கான படம், தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது" என்று சினிமாக்காரர்களே சிலர் அப்போது சொன்னார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தியேட்டரை விட்டால் அந்தப் படத்துக்கு இடமே இல்லை. இப்போது பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, ஹெட்போன் போட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். பெரிய நீளமெல்லாம் இல்லை. முடிவு பாதியில் நின்ற மாதிரி இருக்கும், அதற்கு இயக்குநரைத் திட்டாமல் சூரியின் முகத்தை மறுபடி ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

அதே ஆகஸ்ட் 23தான் மாரி செல்வராஜின் வாழையும் வந்தது. ஒரே நாளில் இந்த இரண்டும் வந்தது தமிழ் சினிமாவுக்குப் பெருமை, வசூலுக்குக் கெடுதல். வாழை வீட்டிலும் தாங்கும். ரஜினி கட்சி, கமல் கட்சி என்று அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு பையன்களும் டீச்சர் மேல் உள்ள பாசமும் முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், சந்தோஷ் நாராயணனின் இசை நம் கையைப் பிடித்தே கூட்டிப்போகும். கடைசி அரைமணி நேரத்துக்கு மட்டும் போனைக் கீழே வைத்துவிடுங்கள், வயிற்றில் எதையாவது சாப்பிட்டுவிட்டும் உட்காருங்கள். ஏன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மெய்யழகன் கதையே வேறு. 2024 செப்டம்பர் 27 ரிலீஸ், சி. பிரேம்குமார் படம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். தியேட்டரில் ஜனம் நெளிகிறது என்று தெரிந்ததும் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதே படத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், ஆந்திராவிலிருந்து வடக்கு வரைக்கும். தியேட்டரில் பொறுமை போன ஜனமும் இவர்களும் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. அந்தப் படத்தில் நடப்பதே பேச்சுதான். நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம், அரவிந்த்சாமி தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று வருகிறார், கார்த்தி "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொண்டு விடியவிடியப் பேசுகிறார். அவர் யாரென்றே அத்தானுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் திண்ணையில் காலை நீட்டிப் பேசுவதைக் கேட்கிற மாதிரிதான் அந்தப் படம். நடுவில் எழுந்துபோய் காபி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, சொல்லப்போனால் அப்படிப் பார்த்தால்தான் அதன் ருசி. சைக்கிள் விஷயம் தெரியவரும்போது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மொபைலைத் தேடினார், மொபைல் அவர் மடியிலேயே இருந்தது. எனக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு குறை: இவ்வளவு நல்லவர்கள் மட்டுமே இருக்கிற ஊரை நான் பார்த்ததில்லை. அரவிந்த்சாமி குடும்பத்தின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு 1996-ல் துரத்தினவர்களும் சொந்தக்காரர்கள்தானே, அவர்களை எங்கே காணோம்?

பேச்சு என்று வந்துவிட்டதால் டிவி சீரியலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சீரியல் பார்ப்பவர்களைக் கிண்டல் பண்ணுவது படித்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் அத்தையோடு சன் டிவியில் எதிர்நீச்சல் பார்த்தேன், சரியாகச் சொன்னால் அடுப்படியிலிருந்து கேட்டேன். திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடர் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்து 2024 ஜூனில் முடிந்தது, அந்த வருஷ டிசம்பரிலேயே இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாலும் யார் யாரை எந்த இடத்தில் குத்துகிறார்கள் என்று துல்லியமாகத் தெரியும். அதற்கென்றே எழுதப்பட்ட வசனம் அது, வேலைக்கு நடுவில் கேட்கிற ஆளுக்கான எழுத்து. ஆதி குணசேகரன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்பதை மாரிமுத்துவின் குரலை வைத்தே சொல்லிவிடலாம். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மாரடைப்பில் இறந்தபோது எங்கள் தெருவில் சினிமா பக்கமே போகாத பெண்கள் வரைக்கும் அதைப் பேசினார்கள். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், மீசையும் பார்வையும் பொருத்தம். ஆனாலும் அத்தைக்கு ஒட்டவில்லை. கண்ணால் பார்த்திருந்தால் பழகியிருப்பார், அவர் காதால் பார்த்தவர் ஆயிற்றே. ஒரு சீரியல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இருக்கும் சோதனை இதுதான்: திரையைப் பார்க்காமல் ஒரு எபிசோடு கேளுங்கள். ஆள் யார், கோபம் எதற்கு என்று புரிந்தால் எழுதுகிறவர் வேலை செய்கிறார். இசையை மூணு தடவை உருட்டி முகத்தை மூணு தடவை காட்டினால்தான் புரிகிறது என்றால், சேனலை மாற்றிவிடலாம்.

ஓடிடி தொடர்களைச் சீரியல் மாதிரி கேட்க முடியாது. விலங்கு என்ற தொடரை ஓரளவுக்குக் கேட்கலாம், சுழல் என்ற தொடரை முடியவே முடியாது. 2022 ஜூனில் வந்த சுழல் முதல் சீசன், புஷ்கர்–காயத்ரி எழுதியது, எட்டு எபிசோடு. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிற நாட்களுக்குள்ளேயே ஒரு பெண் காணாமல் போன வழக்கும் நகர்கிறது. ஊர் முழுக்க வேஷம் போட்டுத் திரியும்போது யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகம் வரும், அந்த யோசனைக்கே பாதி மார்க். ஸ்ரேயா ரெட்டி போலீஸ் அதிகாரியாக வந்து மகனைப் பற்றின பயத்தை அதிகாரத்துக்குள் ஒளித்துவைக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசன் இன்னொரு ஊர், இன்னொரு திருவிழா, கூட்டம் அதிகம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அத்தனை பெண்களில் இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்களை மறுநாள் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

என்னைக் கேட்டால் தமிழ்த் துப்பறியும் தொடர்களில் முதலில் பார்க்க வேண்டியது விலங்குதான். 2022 பிப்ரவரி, பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம், ஏழே எபிசோடு. விமல் ஒரு எஸ்.ஐ. சாமர்த்தியசாலி கிடையாது, வீட்டில் மனைவி பிள்ளைப்பேற்றுக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறாள், ஸ்டேஷனில் லீவு கேட்கவே பயம். ஸ்டேஷனில் எடுபிடி வேலை பார்க்கும் கிச்சப்பா என்கிற ஆளை முதல் எபிசோட்டிலிருந்தே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன். அடி உதை காட்சிகள் கனமானவை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம்.

எஸ்.ஜே. சூர்யாவின் வதந்தி 2022 டிசம்பரில் வந்தது. செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அந்தக் கதைகள்தான் தொடரே. நல்ல யோசனை, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துக் காற்றும் மழையும் அதில் இருக்கிறது, ஆனால் எட்டு எபிசோடு தாங்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது பக்கம் வண்டி திணறுகிறது. இந்தத் தொடர்களையெல்லாம் ஒரே ராத்திரியில் முடிக்கிறவர்களை எனக்குத் தெரியும், மறுநாள் ஆபீஸில் அவர்கள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அடுத்த எபிசோடு தானாக ஓடுகிற வசதியை முதல் வேலையாக செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். எபிசோடின் கடைசி இரண்டு நிமிஷம் நம்மை உட்காரவைப்பதற்காகவே எழுதப்படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு போதும். நடுவில் கிடைக்கிற பகல் பொழுதில் "யாரா இருக்கும்" என்று பேசுவதுதான் துப்பறியும் கதையில் பாதி சுகம். எங்கள் வீட்டில் மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் இடையில் படிப்பைத் தவிர்த்து நடந்த நீளமான உரையாடல்கள் எல்லாம் இந்த விஷயத்தில்தான்.

அயலி மட்டும் விதிவிலக்கு, அதை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்தது, முத்துக்குமார் இயக்கம். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு ஊர், 1990 காலம், பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் படிப்பு முடிந்தது, கல்யாணம்தான், மீறினால் அயலித் தெய்வத்துக்குக் கோபம் வரும் என்று நம்பிக்கை. டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். பிரச்சாரம் ஆங்காங்கே துருத்திக்கொண்டு இருக்கும், சில வசனங்கள் மேடைப் பேச்சு. பரவாயில்லை. அத்தை இதைப் பார்த்துவிட்டுத் தன்னை எட்டாவதோடு நிறுத்தின கதையை என் மகனிடம் சொன்னார். எனக்கே அதுவரை அவ்வளவு விவரமாகத் தெரியாது. பத்துப் பதினைந்து வயசுப் பையன்கள் இருக்கிற வீட்டில் கூச்சப்படாமல் போடுங்கள், மாதவிலக்கு என்ற பேச்சை நாம் ஆரம்பிக்கச் சிரமப்படும் இடத்தில் தொடரே ஆரம்பித்துக் கொடுத்துவிடும்.

சரி, கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. லப்பர் பந்து. 2024 செப்டம்பர் 20. கெத்து தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவர, விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறது. விஜயகாந்த் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் கைலியோடு வந்திருந்த நடுத்தர வயசு ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டில் அது வெறும் ஒரு பாட்டு. கிரிக்கெட் தெரியாத எனக்கே மாமனார்–மருமகன் வீம்பு அவ்வளவு ரசமாக இருந்தது, டீமில் யாரைச் சேர்ப்பது யாரை ஒதுக்குவது என்பதற்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் உபதேசம் இல்லாமல் காட்டினார்கள். அதே சமயம் கூலியை (2025 ஆகஸ்ட் 14) நான் நாலு வாரம் பொறுத்து வீட்டில்தான் பார்த்தேன். ஏ சான்றிதழ் என்பதால் மகனைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக முடியாது, அவனை விட்டுவிட்டு ரஜினி படத்துக்குப் போனால் வீட்டில் கலவரம். நடுவில் நிறுத்தித் தோசை சுட்டோம், ஒன்றும் நழுவவில்லை. சௌபின் ஷாஹிர் வரும் இடங்களைத் தவிர வேறெதற்கும் நான் திரையை உற்றுப்பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரஜினி ரசிகர்கள் மன்னிக்க.

சான்றிதழ் பற்றி ஒரு உபரித் தகவல். இப்போதெல்லாம் யு/ஏ என்று மொட்டையாக வருவதில்லை, 7+, 13+, 16+ என்று வயது போட்டு வருகிறது. டிக்கெட் எடுக்கும்முன் அதைக் கவனியுங்கள், பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய உதவி.

மகாராஜா (2024 ஜூன்) விஷயத்தில் எந்த இடம் என்பதைவிட எப்படி என்பது முக்கியம். லட்சுமி என்று பேர் வைத்த ஒரு குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று சலூன்காரர் ஒருவர் போலீஸில் புகார் கொடுக்கிறார். காலவரிசையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், நாம் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதில்தான் படத்தின் மொத்த சாமர்த்தியமும் இருக்கிறது. துண்டு துண்டாகப் பார்த்தால் அந்தக் கண்ணாமூச்சி கலைந்துவிடும், ஆகவே ஒரே மூச்சு. விஜய் சேதுபதி அருமை. ஆனால் ஒரு பெண் பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கைதட்டின கூட்டத்தில் நான் கைதட்டவில்லை.

2025 ஜூலை 4-ல் இன்னொரு ஜோடி வந்தது, 3பிஎச்கேவும் பறந்து போவும். இரண்டுமே பணம் பத்தாத குடும்பங்களைப் பற்றினவை. 3பிஎச்கேயில் சரத்குமாரும் தேவயானியும் சொந்த வீடு வாங்கப் பைசா பைசாவாகச் சேர்க்கிறார்கள், சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போகிறது. நன்றாக எடுத்த படம்தான், ஆனாலும் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் மாசக் கடைசியில் பார்க்க வேண்டாம், நானும் இவரும் பார்த்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வட்டிக் கணக்குப் போட்டோம். ராமின் பறந்து போ அதே கடன்காரர்களிடமிருந்து ஒரு அப்பனும் மகனும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது. ராம் படம் என்றாலே கர்ச்சீப் எடுத்துவைத்துப் பழகிய எனக்கு, இவ்வளவு லேசாக ஒரு படம் எடுப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மிர்ச்சி சிவாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடைத்ததில்லை. சின்னச் சின்னப் பாட்டாக வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் கூடவே முணுமுணுக்கும், லீவு நாள் மதியத்துக்கு ஏற்றது. முடிந்ததும் பையன் வெளியே எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்வான், தயாராக இருங்கள்.

டூரிஸ்ட் ஃபேமிலியை (2025 மே 1) பற்றி எனக்கு இரண்டு மனம். இலங்கையில் நெருக்கடி தாங்காமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் அடையாளத்தை மறைத்து வாழும் குடும்பம். அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். சசிகுமாரும் சிம்ரனும் இயல்பு, சின்னப் பையன் முல்லி வரும்போதெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத தெரு ஒன்று, இவர்கள் வந்தபிறகு ஒன்றாவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பல வருஷமாக அங்கேயே வாழ்கிறவர்களுக்கு படத்தில் ஒரு போலீஸ்காரர் மனசு இளகுவது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

வேற்று மொழிக்கு என் காது விதி செல்லாது. நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்த அடோலசன்ஸ் நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகப் பதின்மூன்று வயசுப் பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மூன்றாவது எபிசோடு பெரும்பகுதி ஒரு அறையில் இரண்டு பேர் பேசுவதுதான், ஆனாலும் அடுப்படியிலிருந்து கேட்டு ஒன்றும் ஆகாது, கீழே ஓடும் சப்டைட்டிலைப் படித்தே ஆக வேண்டும், அந்தப் பையன் முகம் மாறுவதையும் விடக்கூடாது. மகனோடு பார்த்தேன். பார்த்து முடித்ததும் அவனிடம் கேள்வி கேட்காமல் இருந்தேன், இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து பேசினான். பிள்ளைகளின் போனைப் பிடுங்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தத் தொடர் ஒரு உதவியும் செய்யாது.

கடைசியாக டிவிப் பெட்டி. "வசனமே கேக்கல, சண்டை வந்தா மட்டும் காது கிழியுது" என்று நிறையப் பேர் படத்தைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் படத்தின் மேல் இல்லை. பல ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்துக் கலந்த 5.1 ஒலி நம் டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் வந்து இறங்கும்போது பேச்சு அமுங்கிப்போகும். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், டிவியில் குரலைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் போடுங்கள். அப்புறம் சினிமா, சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறதா? அது அசைவை மிருதுவாக்கும் வசதி, மோஷன் என்று ஏதாவது பெயரில் படச் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும், அணைத்துவிடுங்கள். இன்ஸ்பெக்டர் ரிஷி மாதிரி காட்டுக்குள் இருட்டில் நடக்கும் தொடருக்கு டியூப்லைட்டையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் திரையில் உங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரியும். எங்கள் வீட்டில் இத்தனையும் செய்தாகிவிட்டது. அத்தை மட்டும் இன்னும் இரண்டு புள்ளி சத்தம் கூட்டச் சொல்கிறார், அடுப்படியிலிருந்து.